சறுக்கு உங்கள் ஷூவில் இருக்கட்டும். தரை எல்லோருக்கும் பொது

பௌலிங் என்றால் நம் வீடுகளில் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். பிள்ளைகள் கேட்பது வேறு. பள்ளி விடுமுறை விட்டாலும் சரி, ஊரிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்கினாலும் சரி, "பௌலிங் போகலாம்" என்று அவர்கள் பிடிவாதம் பிடிப்பது, மால்களில் இருக்கும் பத்துப் பின் பௌலிங் விளையாட்டுக்கு. கனமான பந்தை உருட்டி, கோடியில் முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களை வீழ்த்தும் விளையாட்டு அது. மழையோ வெயிலோ, எந்தக் காலத்திலும் ஆடலாம். தாத்தா முதல் பேரன் வரை சேர்ந்து ஆடலாம். ஆகவே குடும்பங்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

இதன் விதிமுறைகளைப் பற்றிப் பிள்ளைகளே நமக்குப் பாடம் எடுப்பார்கள். மதிப்பெண்ணைக் கணினி போட்டுவிடும். ஆனால் யாரும் சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. அது காலுக்கு அடியில் நடப்பது. இந்த விளையாட்டில் நேரும் அடிகளில் பல, பந்தால் அல்ல, தரையால் நேர்பவை. அந்தத் தரை எப்படி வேலை செய்கிறது, அதன்மீது எதைக் கொண்டுவரக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் நம் முழங்காலும் பிழைக்கும், அடுத்தவர் முழங்காலும் பிழைக்கும்.

தரையின் இரண்டு பகுதிகள்

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். பந்து உருண்டு செல்லும் பாதைக்கு லேன் என்று பெயர். அகலம் ஏறக்குறைய மூன்றரை அடி. ஆடுபவர் தாண்டக் கூடாத ஃபௌல் கோட்டிலிருந்து முதல் பின் நிற்கும் இடம் வரை 60 அடி. ஃபௌல் கோட்டுக்கு இப்பால், பந்தைக் கையில் ஏந்தி நாம் நாலைந்து அடி எடுத்து வைத்து வரும் தரைக்கு அப்ரோச் என்று பெயர். அது குறைந்தது 15 அடி நீளமாவது இருக்க வேண்டும்.

பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மரத்தரை போலத் தெரியும். (இப்போது பல இடங்களில் மரமே இல்லை, மரம் போல அச்சிடப்பட்ட செயற்கைப் பலகைகள்.) ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லேன் மீது எண்ணெய் பூசியிருப்பார்கள். இதற்கென்று உள்ள இயந்திரம், ஃபௌல் கோட்டுக்குச் சற்று அப்பாலிருந்து தொடங்கிச் சுமார் 40 அடி தூரம் வரை மெல்லிய படலமாகப் பூசிக்கொண்டு போகும். பழைய நாட்களில் மரம் தேயாமல் இருக்கப் பூசினார்கள். இன்று பந்து எப்படித் திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே அந்த எண்ணெய்தான். அப்ரோச் மீதோ ஒரு சொட்டு எண்ணெயும் இருக்கக் கூடாது. அது காய்ந்து, சுத்தமாக, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய தரை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் செய்திகள் தாமாகவே விளங்கும்.

கடைசி அடி ஏன் சறுக்க வேண்டும்?

வலது கையால் பந்து வீசுபவரை வைத்துப் பார்ப்போம். அவர் நான்கு அடிகளில் வருபவர் என்றால் வலது காலை முதலில் எடுத்து வைத்து, இடது காலில் முடிப்பார். அந்தக் கடைசி இடது கால், நடையைப் போலப் பதிந்து நிற்பதில்லை. தரையின் மேல் ஓரடி, இரண்டடி தூரம் சறுக்கி நிற்கிறது. அந்தச் சறுக்கலின்போதுதான் கை பின்னாலிருந்து முன்னால் வந்து பந்தை விடுகிறது.

இந்தச் சறுக்கு அழகுக்காக அல்ல. பெரியவர்கள் பயன்படுத்தும் பந்து 10, 12 பவுண்டு இருக்கும். விதிப்படி 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ வரை போகலாம். அவ்வளவு எடையைக் கையில் ஆட்டிக்கொண்டு முன்னோக்கி வரும் உடம்பு திடீரென்று நின்றால், அந்த வேகம் எங்காவது போயாக வேண்டும். ஓடும் பஸ்ஸில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் என்ன ஆகிறார்? கால் அங்கேயே நிற்கும். உடம்பு முன்னால் போகும். பௌலிங்கிலும் அதேதான். கால் ஒட்டிக்கொண்டால் முழங்காலும் இடுப்பும் அந்த அதிர்ச்சியை வாங்கும்; அல்லது ஆளே ஃபௌல் கோட்டுக்கு மேல் குப்புற விழுவார். சறுக்கு என்பது அந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் பிரேக்.

பிரேக் பிடிக்காமலே போனாலும் ஆபத்துதான். ஆகவே நமக்கு வேண்டியது அளவான சறுக்கு. அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் அதே அளவு சறுக்கு. முதல் பந்துக்கு ஓரடி சறுக்கிய கால் அடுத்த பந்துக்கு மூன்றடி போனால் எந்தத் திறமைசாலியும் தடுமாறுவார். தரை எப்படி நடந்துகொள்ளும் என்று கால் எதிர்பார்க்கிறதோ அப்படியே அது நடந்துகொள்ள வேண்டும். இதுதான் முழு விஷயத்தின் சாரம்.

வாடகை ஷூ எதற்கு?

"ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஷூ காலில் இருக்கிறது, அதை அவிழ்த்துவிட்டு யாரோ போட்ட ஷூவைப் போடு என்கிறார்களே" என்று அலுத்துக்கொள்ளாத அப்பாக்கள் குறைவு. வாடகை வாங்குவதற்கான தந்திரம் என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். ஆனால் நாம் அணியும் விளையாட்டு ஷூவின் ரப்பர் சோல், தரையைப் பிடித்துக்கொள்வதற்காகவே செய்யப்பட்டது. அதைப் போட்டுக்கொண்டு பந்து வீசினால் கடைசி அடியில் கால் சறுக்காது; ஒட்டி நிற்கும். தெருவில் நடந்த ஷூவில் மண்ணும் ஈரமும் வேறு இருக்கும். மென்மையான ரப்பர் தரையில் கறுப்புக் கோடுகளையும் விட்டுச்செல்லும்.

வாடகை ஷூவின் அடிப்பாகம் வழவழப்பாக இருப்பதைத் திருப்பிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். வலது கைக்காரர், இடது கைக்காரர் இருவருக்கும் பொது என்பதால் பொதுவாக இரண்டு கால் ஷூவும் சறுக்கும்படியே இருக்கும். தொடர்ந்து ஆடுபவர்கள் சொந்தமாக வாங்கும் உயர்வகை ஷூ வேறு மாதிரி. வலது கைக்காரருக்கான ஜோடியில் இடது ஷூ மட்டும் சறுக்கும்; வலது ஷூவில் தரையை உந்தித் தள்ளுவதற்கு ரப்பர் இருக்கும். இடது கைக்காரருக்கு இது தலைகீழ். எனவே வீட்டில் இடது கைப் பிள்ளை இருந்தால், வாங்கும்போது கடையில் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இன்னும் விலை உயர்ந்த ஷூக்களில் சோலையும் குதிகால் பகுதியையும் வெல்க்ரோ போல ஒட்டி எடுத்து மாற்றிக்கொள்ளலாம். சறுக்கின் அளவைக் காட்ட அவற்றுக்கு எண் கொடுத்திருப்பார்கள். டெக்ஸ்டர் நிறுவனத்தின் சோல்களில் எண் கூடக் கூடச் சறுக்கும் கூடும். தரை அன்று ஒட்டுகிறதா, வழுக்குகிறதா என்று பார்த்து அதற்கேற்ற சோலைப் போட்டுக்கொள்வார்கள். இதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் தரையை மாற்ற நினைப்பதில்லை. தன் ஷூவைத்தான் மாற்றிக்கொள்கிறார்.

தண்ணீர் ஒட்டும், பவுடர் வழுக்கும்

இனி தரைக்கு வரும் அந்நியப் பொருட்களைப் பார்ப்போம். முதல் எதிரி தண்ணீர். குளியலறையில் தண்ணீர் இருந்தால் வழுக்கும் என்பது நம் அனுபவம். பௌலிங் ஷூவில் நடப்பது அதற்கு நேர் எதிர். அதன் சோல் தோல் அல்லது அதைப் போன்ற மெல்லிழைத் துணியால் ஆனது. காய்ந்திருக்கும்வரை நன்றாகச் சறுக்கும். ஈரம் பட்டால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வேகமாக வரும் ஆளுக்குக் கால் திடீரென்று பூட்டுப் போட்டாற்போல நின்றுவிடும். விழும் வரை எதனால் விழுந்தோம் என்றே தெரியாது.

இவ்வளவுக்கும் ஒரு வாளித் தண்ணீர் வேண்டியதில்லை. குளிர்பானத் தம்ளரின் வெளிப்புறத்திலிருந்து சொட்டிய இரண்டு துளி போதும். ஷூவை மாட்டிக்கொண்டே கழிவறைக்குப் போய் வந்தால் போதும். மும்பையிலோ கொல்கத்தாவிலோ மழைக்காலத்தில் வாசலிலிருந்து வரும் ஈரக் காலடித் தடம் போதும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாட்களில் தரையே சற்று ஒட்டத் தொடங்கும். குளிர்பானத்தில் சர்க்கரை வேறு இருப்பதால் அது காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு போகாது.

இரண்டாவது எதிரி பவுடர். கேரம் ஆடிப் பழகிய நமக்கு இது சட்டென்று தோன்றும் யோசனை. ஸ்ட்ரைக்கர் ஓடவில்லையா, பலகையில் கொஞ்சம் பவுடர் தூவு. அதுபோலக் கால் சறுக்கவில்லையா, ஷூவின் அடியில் கொஞ்சம் முகப்பவுடரைத் தட்டிக்கொள். வேலை செய்யுமா என்றால், செய்யும். பவுடரின் நுண்துகள்கள் சோலுக்கும் தரைக்கும் நடுவில் புகுந்து இரண்டும் உரசாமல் தடுத்துவிடும். கால் சுலபமாகச் சறுக்கும்.

ஆனால் கேரம் பலகைக்கும் இந்தத் தரைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். கேரமில் பவுடர் பலகை முழுவதும் பரவியிருப்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அதை எதிர்பார்த்தே ஆடுகிறார்கள். தவறினால் காய்தான் போகும். இங்கே பவுடர் ஷூவிலேயே இருந்துவிடுவதில்லை. நடக்க நடக்கத் தரையில் திட்டுத் திட்டாக இறங்கும். நாம் வீசிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு அது அங்கேயே கிடக்கும். அடுத்து வருபவருக்கு அது தெரியாது. அவருடைய கால் வழக்கமான சறுக்கை எதிர்பார்த்து வருகிறது, கிடைப்பதோ பனிக்கட்டி. அந்த அடுத்த ஆள் நம் மனைவியாக இருக்கலாம், அறுபது வயது மாமனாராக இருக்கலாம், பக்கத்துக் குழுவில் ஆடும் முகம் தெரியாத ஒருவராகவும் இருக்கலாம். அந்த வயதில் இடுப்பெலும்போ மணிக்கட்டோ முறிந்தால் அது ஒரு மாலைப் பொழுதோடு போகிற துன்பம் அல்ல.

மூன்றாவது, ரோசின் போன்ற ஒட்டும் பொருள்கள். வயலின் வில்லுக்குத் தேய்ப்பார்களே, அதே ரோசின்தான். பந்து கையிலிருந்து நழுவாமல் இருக்க, ரோசின் நிரப்பிய சிறு பைகளைச் சிலர் வைத்திருப்பார்கள். அது கையோடு இருக்கும்வரை குற்றமில்லை. தரையில் உதிர்ந்தால் தண்ணீரைப் போலவே காலைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு, வறுவல்களின் எண்ணெய், சூயிங்கம் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வரும்.

விதி என்ன சொல்கிறது?

இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, விதியும்கூட. இந்த விளையாட்டுக்கு ஒழுங்கான விதிகளை வகுத்தது 1895-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ். 2005-இல் அது வேறு சில அமைப்புகளோடு இணைந்து யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் ஆனது. மற்றவர்களுக்குத் தரை இயல்பான நிலையில் கிடைப்பதைக் கெடுக்கும் எந்தப் பொருளையும் அப்ரோச்சில் படச் செய்யக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. ஷூவில் இடும் டால்கம் பவுடர், நுரைக்கல் தூள், ரோசின் ஆகியவற்றை அது பெயர் சொல்லியே தடுக்கிறது. தரையில் தேய்ந்து தடம் விடும் மென்மையான ரப்பர் சோலுக்கும் அனுமதி இல்லை.

1978-இல் பாங்காக் ஆசிய விளையாட்டிலும் 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டிலும் பதக்கத்துக்கு ஆடப்பட்ட போட்டி இது. 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. பெரிய போட்டிகளில் பல நாட்டு வீரர்கள் ஒரே தரையை மாறி மாறிப் பயன்படுத்துவார்கள். ஒருவர் தன் வசதிக்காகத் தரையில் கை வைத்தால் மற்ற எல்லோருடைய ஆட்டமும் கெடும். மாலில் ஆடும் நமக்கும் அதே நியாயம்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் தன் வீட்டு வாசல் பளபளக்க வேண்டும் என்று பொது மாடிப்படியில் சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்பவரை நாம் என்ன சொல்வோம்?

சரி, சறுக்கவில்லை என்றால் என்ன செய்வது?

பவுடர் கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது. வழியும் சொல்ல வேண்டும்.

முதலில் ஷூவைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். சோலில் ஈரமோ அழுக்கோ ஒட்டிய பண்டமோ இருக்கிறதா? உலர்ந்த துணியால் அழுத்தித் துடையுங்கள். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும். சொந்த ஷூ வைத்திருப்பவர்கள் சோலைத் தேய்க்கும் கம்பிப் பிரஷ் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்ரோச்சில் நின்று தேய்க்கக் கூடாது. உதிரும் தூசு அங்கேயே விழும். இருக்கைப் பக்கம் தள்ளிப் போய்த் தேய்க்க வேண்டும்.

அடுத்து, கால் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். குதிகால்தான் பிரேக். கடைசி அடியில் குதிகால் முதலில் தரையைத் தொட்டால் எந்த ஷூவும் நின்றுவிடும். பாதத்தின் முன்பகுதி முதலில் இறங்கி, சறுக்கி, பிறகு மெல்லக் குதிகால் படிய வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் தரையின் மீது போடும் பழி பல சமயம் குதிகாலைச் சேர வேண்டியது.

மூன்றாவதாக, முதல் பந்துக்கு முன்னால் பந்து இல்லாமலே இரண்டு மூன்று முறை நடந்து, மெதுவாகச் சறுக்கிப் பாருங்கள். அன்றைக்குத் தரை எப்படி இருக்கிறது என்று காலுக்குத் தெரிந்துவிடும். ஒட்டுகிறது என்றால் அன்று சற்று மெதுவாக நடந்து வாருங்கள். எடை குறைந்த பந்தை எடுங்கள். அப்படியும் சரிப்படவில்லையா, வேறு ஜோடி ஷூ கேளுங்கள். தேய்ந்துபோன ஷூவைக் கொடுத்திருக்கலாம். கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். தரையிலேயே குறை இருப்பதாகத் தோன்றினால் பணியாளரிடம் சொல்லுங்கள். தரையைச் சுத்தம் செய்வதற்கான பொருளும் முறையும் அவர்களிடம் உண்டு.

கோட்டுக்கு அப்பால் எண்ணெய்

ஃபௌல் கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தை விட்டபோதோ விட்ட பிறகோ நம் உடம்பு கோட்டைத் தாண்டி லேனைத் தொட்டால் அது ஃபௌல். அந்த வீச்சுக்கு மதிப்பெண் இல்லை. "வெறும் விளையாட்டுதானே, தாண்டினால் என்ன?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு வேறு காரணம் சொல்லலாம். அங்கே எண்ணெய் இருக்கிறது. கால் வைத்தால் வழுக்கும். வழுக்காமல் தப்பித்துத் திரும்பினாலும் ஷூவில் ஒட்டிய எண்ணெய் அப்ரோச்சுக்கு வந்து சேரும். பிறகு வருபவர் எல்லோருக்கும் அது கண்ணி. பந்து நடுவழியில் நின்றுவிட்டால்கூட எடுக்கப் போகக் கூடாது; பணியாளரைக் கூப்பிட வேண்டும்.

திரும்பி வரும் பந்தின் மீதும் எண்ணெய் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். பந்தை அப்ரோச் தரையில் வைப்பது, துடைத்த துணியைக் கீழே போட்டு மிதிப்பது இரண்டும் வேண்டாம்.

குடும்பத்தோடு போகும்போது

வீட்டிலிருந்து கிளம்பும்போதே எல்லோருக்கும் சுத்தமான, உலர்ந்த காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவை விளையாடும் இடத்தில் மட்டும் அணியுங்கள். கழிவறைக்கோ சாப்பாட்டுக் கடைக்கோ போவதானால் மாற்றிக்கொண்டு போங்கள். தின்பண்டமும் பானமும் மேசையோடு நிற்கட்டும். அப்ரோச்சுக்கு வர வேண்டாம். குழந்தையின் பால் புட்டிக்கும் இது பொருந்தும். ஆட்டம் நடக்கும்போது சின்னக் குழந்தைகளை அப்ரோச்சில் ஓட விடாதீர்கள். படம் எடுப்பவர்களும் ஷூ இல்லாமல் அங்கே ஏறக் கூடாது.

ஏதாவது சிந்திவிட்டால் கைக்குட்டையால் துடைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் தங்கிவிடும். ஆட்டத்தை நிறுத்திப் பணியாளரிடம் சொல்லுங்கள். பக்கத்து லேனில் ஆடுபவர்களையும் எச்சரியுங்கள். அடுத்தடுத்த லேன்களுக்கு அப்ரோச் ஒரே பரப்பாக இருக்கும், அவர்களும் அதில்தான் நடக்கிறார்கள்.

யாராவது ஷூவில் பவுடர் தட்டுவதைப் பார்த்தால் என்ன செய்வது? வெளியூரில் இருக்கிறோம், பாஷை வேறு, நமக்கேன் வம்பு என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறோம். சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "பாய் சாஹப், இது தரையில் விழுந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள்" என்று தெரிந்த இந்தியில் சிரித்த முகத்தோடு சொன்னால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்கும். கேட்காவிட்டால் பணியாளரிடம் சொல்லிவிட்டு, தரை துடைக்கப்படும் வரை உங்கள் முறையை நிறுத்தி வையுங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் கூப்பிட்டால் தயங்காமல் போய் வாருங்கள். பந்தை எடுப்பதற்கு முன் எல்லோரும் ஒருமுறை ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்க்கட்டும். அதை மட்டும் வீட்டு வழக்கமாக்கிக்கொண்டால் போதும். எத்தனை பின் விழுந்தது என்பது பிறகு.